பரிசலும் உலக்கையும்

(தருமபுரியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதைக் கொஞ்சம் சீர்படுத்தி எழுதியது.)

வணக்கம். ஒகேனக்கல் பரிசலில் ஏறாதவர் இந்தக் கூட்டத்தில் அதிகம் இருக்க மாட்டீர்கள். நடு ஆற்றில் பரிசல்காரர் துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டுக் கிறுகிறுவென்று சுற்றிவிடுவார். பிள்ளைகள் கத்துவார்கள், பெரியவர்கள் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரம் இன்னொரு பரிசல் வந்து இடித்தால் சுழற்சி என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. வட்டமான பொருளை எங்கே இடித்தாலும் இடி நடுவை நோக்கியே போகும். விளிம்புகள் உரசுகிற அளவுக்குத்தான் சுழற்சி குறையும்.

பரிசலுக்குப் பதிலாக ஓர் உலக்கை அப்படி மிதந்து சுழல்கிறது என்று வையுங்கள். நுனியில் ஒரு தட்டு போதும். சுழற்சி நின்றுவிடலாம், எதிர்ப்பக்கம் திரும்பலாம், தட்டிய பொருள் அந்தச் சக்தியை வாங்கிக்கொண்டு ஓடலாம்.

இந்த அரங்கின் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். இரண்டு அணு சேர்ந்த மூலக்கூறு, நம் உலக்கை மாதிரி. நொடிக்கு 470 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டே சுழல்கிறது. ஒரு நொடியில் ஏறக்குறைய 700 கோடி முறை மோதுகிறது. வழக்கத்துக்கு மீறி வேகமாகச் சுழலும் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இந்த மூலக்கூறுக் கூட்டத்துக்குள் விட்டால், நாலைந்து மோதலில் அது மற்றவற்றைப் போல ஆகிவிடும். ஒரு நானோ நொடிகூட ஆகாது. சக்தி எங்கும் காணாமல் போவதில்லை. மோதியவற்றின் ஓட்டமாக மாறுகிறது. ஓட்டம் கூடினால் அதைத்தான் சூடு என்கிறோம். மூலக்கூறு ஸ்பிரிங் மாதிரி அதிர்வதும் உண்டு. அந்தச் சக்தியைக் கைவிட நைட்ரஜனுக்குக் கோடிக்கணக்கான மோதல்கள் வேண்டும். அது தனிக்கதை.

ஹைட்ரஜனுக்கும் இரண்டே அணுதான். ஆனால் சுழற்சியைக் கைவிட அதற்கு இருநூறு, முந்நூறு மோதல் தேவைப்படுகிறது. ஒரு காரணம், அது கிட்டத்தட்ட உருண்டை, பரிசல் சாதி. இன்னொரு காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூலக்கூறு நினைத்த வேகத்தில் எல்லாம் சுழல முடியாது. சுழற்சிக்கும் படிக்கட்டு உண்டு. இரண்டும் ஒரே வகை அணுவாக இருந்தால் மோதலில் இரண்டிரண்டு படியாகத்தான் தாண்ட முடியும். நைட்ரஜனின் கீழ்ப் படிகளில் அந்தத் தாண்டலுக்கு வேண்டிய சக்தி, வெப்பநிலைக் கணக்கில், 17 கெல்வின். ஹைட்ரஜனுக்கு 510. அறை வெப்பநிலையே 300தான். முழங்கால் உயரப் படியில் ஏறுவதும் இறங்குவதும் சுலபமா?

இந்தப் பிடிவாதம் செலவும் வைக்கும். சாதாரண ஹைட்ரஜனில் முக்கால் பங்கு ஒன்று, மூன்று என்று ஒற்றைப்படை எண்ணுள்ள படிகளில் இருக்கும். அதை 20 கெல்வினுக்கு (மைனஸ் 253 டிகிரி செல்சியஸ்) குளிர்வித்துத் திரவமாக்கினாலும் அந்த முக்கால் பங்கு ஒன்றாம் படியிலேயே நிற்கும். பூஜ்யப் படிக்கு இறங்க அணுக்கருக்களின் ஸ்பின், அதாவது ஒவ்வொரு கருவுக்கும் உள்ள குட்டிக் காந்தம் போன்ற குணம், திரும்ப வேண்டும். சாதாரண மோதல் அதை எளிதில் திருப்பாது. அப்புறம், தொட்டியில் நாள்கணக்கில் ஒவ்வொன்றாக இறங்கும். கிலோவுக்கு 520 கிலோ ஜூலுக்கு மேல் சூடு வெளிவரும். ஒரு கிலோ திரவ ஹைட்ரஜனை ஆவியாக்க 450 போதும்! தொட்டிக்கு எவ்வளவு நல்ல காப்பு போட்டாலும் பயனில்லை, அடுப்பு உள்ளேயே இருக்கிறது. அதனால் திரவமாக்கும்போதே இரும்பு ஆக்சைடு போன்ற வினையூக்கியின் மேல் ஓடவிட்டு இறக்கிவிடுகிறார்கள். 1929-இல் போன்ஹோஃபர், ஹார்டெக் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இந்த இறக்கத்துக்குப் பயன்படுத்தியது வெறும் கரி. நம் மகேந்திரகிரியில் சோதிக்கும் கிரையோஜெனிக் (அதிகுளிர் எரிபொருள்) ராக்கெட் எஞ்சினுக்கும் எரிபொருள் திரவ ஹைட்ரஜன்தான்.

பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "மோதுவதற்கு ஆளே இல்லாத இடத்தில் என்ன சார் ஆகும்?" என்று கேட்டார். நான் தயாரித்து வந்ததைவிட நல்ல கேள்வி. அங்கே மூலக்கூறு ஒளியாகத்தான் சக்தியை விட வேண்டும். கார்பன் மோனாக்சைடு முதல் படியிலிருந்து இறங்கச் சராசரியாக 160 நாள் ஆகும். இறங்கும்போது 2.6 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலை ஒன்றை விடும்; அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒளிதான். 1970-இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியஸ் மூவரும் ஓரியன் நெபுலா என்ற விண்மேகத்தில் அதைப் பிடித்தார்கள். விண்மேகத்தில் கார்பன் மோனாக்சைடை இடித்துப் படியேற்றிவிடுவது பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறு. குளிர்ந்த மேகத்தில் ஹைட்ரஜன் தன்னைக் காட்டிக்கொள்ளாது. இடி வாங்கிய கார்பன் மோனாக்சைடுதான் காட்டிக்கொடுக்கிறது.