பேரேட்டில் ஏறாத குரல்

[ஒலி: ஆளில்லாத பட்டாலையில் ஒரு கைத்தட்டல். சத்தம் சுவரில் பட்டு, இழுத்துக்கொண்டே போய் அடங்குகிறது.]

கேட்டீங்களா? தட்டினது ஒரே தட்டுதான். கை ஓய்ஞ்ச பிறகும் சத்தம் ஓயலை. இது செட்டிநாட்டுல, கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டோட பட்டாலை, அதாவது பெரிய கூடம்.

[ஒலி: இன்னொரு கைத்தட்டல். "டப்" என்று உடனே நின்றுவிடுகிறது.]

இதுவும் அதே வீடு, அதே கை. மெத்தையும் ஜமுக்காளமும் அடுக்கி வச்சிருக்கிற உள்வீட்டுல நின்னு தட்டினது. சொந்தக் கதையை, கவிதையை, பாட்டை போன்ல பதிஞ்சு நாலு பேர் காதுக்குக் கொண்டுபோகணும்னு நினைக்கிற நம்ம பக்கத்துக் கலைஞர்களுக்கு நான் முதல்ல காட்ட நினைச்சது இந்த ரெண்டு தட்டைத்தான். ஏன்னு பின்னாடி சொல்றேன். எதுக்காகப் பதியணும்னு முதல்ல பேசிடுவோம்.

[காட்சி: பழைய பேரேடு. ஒரு விரல் வரி வரியாக நகர்கிறது.]

எழுதி வைக்கிறதுல நம்ம ஊரு கெட்டி. வியாபாரத்துக்குப் பேரேடு, ஐந்தொகைன்னு கணக்கு ஏடுகள். கல்யாணத்துக்கு இசைகுடிமானம்ங்கிற ஒப்பந்தச் சீட்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போனவங்க மூணு வருஷக் கணக்குல அங்கே இருந்தப்போ, காலணா அரையணா வரைக்கும் தாள்ல ஏத்தினாங்க. அதே மூணு வருஷம் இங்கே வளவுல, வீட்டு உள்முற்றத்துப் பக்கம், இருந்த பொம்பளைங்க தொட்டில் ஆட்டிப் பாடினதும், சாவு வீட்டுல கட்டிப்பிடிச்சு அழுததும் அந்த ஏடுகள்ல ஏறலை. வாயில இருந்துச்சு, பெரும்பாலும் வாயோட போயிடுச்சு.

இத்தனைக்கும் ஒலிப்பதிவு காரைக்குடிக்குப் புதுசு கிடையாது. ஏவி.எம். சினிமா ஸ்டூடியோவை உருவாக்கின மெய்யப்பன் இந்த ஊருல கிராமபோன் தட்டு வித்துத்தான் தொழிலுக்குள்ளயே வந்தார். அப்புறம் சென்னையில சரஸ்வதி ஸ்டோர்ஸ்னு ஆரம்பிச்சு, கூட்டாளிகளோட சேர்ந்து தட்டு வெளியிட்டார். 1940கள்ல ஸ்டூடியோவையே காரைக்குடிப் பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவுக்குக் கொண்டுவந்தார். 1947ல வந்த 'நாம் இருவர்' படத்தை அங்கேதான் எடுத்தாங்க. தட்டுல ஏறினது மேடைக் குரல்கள். அடுப்படிக் குரலைப் பதியணும்னு அப்போ பெருசா யாருக்கும் தோணலை. இப்போ அதுக்கான கருவி எல்லார் கையிலயும் இருக்கு.

[காட்சி: ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பளபளக்கும் சுவர், உயரமான கூரை.]

என் ஆயாவோட, அதாவது பாட்டியோட, தாலாட்டை முதல் தடவை பதிஞ்சப்போ, பட்டாலையிலதான் உக்கார வச்சேன். பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு. ராத்திரி ஹெட்போன் மாட்டிக் கேட்டா, ராகம் மட்டும் வருது, சொல் ஒண்ணும் பிடிபடலை. "யார் அடிச்சா"ன்னு கேட்டு உறவு உறவாப் பேர் சொல்லிப் போற பாட்டு அது. பேரெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு கவிழ்ந்து கிடந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

காரணம் வீடுதான். சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். எட்டு மீட்டர் தள்ளி இருக்கிற சுவருக்குப் போய்த் திரும்ப ஒரு நொடியில இருபதுல ஒரு பங்குகூட ஆகாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்ச்ச சுண்ணாம்புச் சுவரும், வழவழப்பான தரைக்கல்லும் சத்தத்தைக் குடிக்காது, அப்படியே திருப்பி அனுப்பும். அது ஒரு தடவையோட நிக்காது; முதல் எழுத்து சுவருக்குச் சுவர் பல தடவை பட்டு அடங்குறதுக்குள்ள நீங்க ரெண்டாவது எழுத்தைச் சொல்லிட்டிருப்பீங்க. ரெண்டும் மோதும். கவிதை வாசிக்கிறவங்க இதை நல்லா மனசுல வைக்கணும். நம்ம எதுகை நிக்கிறதே ரெண்டாவது எழுத்துலதானே? பட்டாலை அந்த எழுத்தையும் விழுங்கிடும்.

அதனால உள்வீட்டுக்குப் போங்க. மெத்தை, தலகாணி, புடவை தொங்குற கொடி, எல்லாம் சத்தத்தைக் குடிக்கும். மின்விசிறியை நிறுத்துங்க. போனை ஏரோபிளேன் மோடுல போட்டு, வாய்லேர்ந்து ஒரு சாண் தூரத்துல, கொஞ்சம் பக்கவாட்டுல வைங்க. நேரா வச்சா மூச்சுக்காத்து மைக்ல மோதும். பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 30 நொடி யாரும் பேசாம அந்த அறையோட அமைதியைப் பதிஞ்சுக்கோங்க. பின்னாடி வெட்டி ஒட்டுற இடத்துல அதுதான் கைகொடுக்கும்.

பதியும்போது வேவ் (WAV) ஃபைலாப் பதிங்க, அது சத்தத்தைச் சுருக்காம வைக்கும். மோனோ (ஒரே தடம்), 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்னு வச்சா பத்து நிமிஷத்துக்கு 50 எம்பிக்கு மேல வரும். அதே பத்து நிமிஷம் சத்தத்தைச் சுருக்கி வைக்கிற 128 கேபிபிஎஸ் எம்பி3ல பத்து எம்பிக்குள்ள அடங்கிடும். பகிர எம்பி3 போதும், ஆனா மூலத்தை அழிச்சுடாதீங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமென்ட்டா அனுப்புங்க.

[ஒலி: தறி. நாடா இடமும் வலமும் ஓடுகிறது.]

குரலோட இடத்தோட ஓசையும் சேரணும். இது காரைக்குடியில கண்டாங்கி நெய்யுற தறி. 2019ல புவிசார் குறியீடு வாங்கின சேலை, நாம அதைக் கண்ணால மட்டும்தான் பார்த்திருக்கோம். ஒரு நெசவாளர் தன் கதையைச் சொல்லும்போது தறி நிக்கிற இடம் ஒண்ணு வரும். நூல் அறுந்திருக்கும். முடிச்சுப் போடுற வரைக்கும் பேச்சு இருக்காது. அந்த இடத்தை வெட்டிடாதீங்க. அப்புறம் நாலு பக்கமும் சரிஞ்ச ஓட்டுலேர்ந்து முற்றத்துல மழைத்தண்ணி விழுற ஓசை, அதைப் பிடிக்க வச்ச அண்டா நிரம்ப நிரம்ப மாறுற ஓசை. இதை வேற எந்த ஊரு வீட்டுல பதிவீங்க?

ஒண்ணு மட்டும் பொறுமையாச் சொல்லணும். ஒப்பாரியைச் சும்மா இருக்கிற நாள்ல வீட்டுக்குள்ள பாடச் சொல்லாதீங்க. பல பேர் அதை அபசகுனமா நினைப்பாங்க. தோப்புக்கோ கண்மாய்க் கரைக்கோ கூட்டிட்டுப் போங்க. காத்து இரையும், பரவாயில்லை. பதிஞ்சு முடிச்சதும் பாடினவங்களையே முதல்ல கேட்கச் சொல்லுங்க. ஒப்பாரியில வீட்டுச் சண்டை வரும், சொத்து வரும், இன்னாரு செஞ்சதுன்னு பேரும் வரும். இதை வெளியில விடலாமா, எதை எடுத்துடணும்னு முடிவு பண்ண வேண்டியது அவங்க. "வேணாம் ஆத்தா"ன்னு சொன்னா, வேணாம்தான்.

[காட்சி: உள்வீடு. மெத்தை அடுக்கு. பாயில் ஒரு முதியவர், காதில் ஹெட்போன். முகம் தெரியவில்லை, கை மட்டும்.]

ஆயாவை ரெண்டாவது தடவை இங்கேதான் பதிஞ்சேன். முடிச்சதும் ஹெட்போனை அவங்க காதுல மாட்டினேன். தன் குரலை வெளியிலேர்ந்து அவங்க கேட்டது அன்னைக்குத்தான். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "இது எங்காத்தா கொரலாச்சே"ன்னாங்க. திரும்பப் போடச் சொன்னாங்க. மூணாவது தடவை கேட்கும்போது கையை நீட்டி நிறுத்தினாங்க. அவங்க ஆத்தா பாடுற ரெண்டு வரி நடுவுல விட்டுப்போச்சாம். அப்போதான் ஞாபகம் வந்துச்சாம்.

உடனே மறுபடி பதிஞ்சோம். இப்போ ஓடப்போறது அது.

[ஒலி: அறையின் அமைதி. வளையல் சத்தம். ஆயா மூச்சிழுத்துப் பாடத் தொடங்குகிறார்.]