காசியில் காலை வெயிலும் மாலை வெயிலும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

காசியில் கங்கை தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. உத்தரவாகினி என்று அதைப் போற்றுவார்கள். படித்துறைகளும் கோயில்களும் மேற்குக் கரையில் இருக்கின்றன. எதிரே கிழக்குக் கரையில் வெறும் மணல்வெளி. அதனால் சூரியன் தலைகாட்டியதும் வெளிச்சம் தடையே இல்லாமல் ஆற்றைத் தாண்டி வந்து, எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகளின் முகத்தில் நேராக விழுகிறது. படம் எடுப்பவருக்கு இப்படி வாய்த்த ஊர் அபூர்வம்.

விடிவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே கேதார் படித்துறைக்குப் போய் உட்கார்ந்துவிடுவது என் வழக்கம். கோயில் சுவரில் நம் ஊர்போலவே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடமும் அங்கேதான் இருக்கிறது. இருட்டில் படியிறங்கும் யாராவது தமிழில் பேசுவது காதில் விழும். அந்த நேரத்தில் எல்லாமே நீலம். கல், தண்ணீர், கட்டிப் போட்ட படகு, மூன்றுக்கும் ஒரே நிறம்.

ஒரு ஆவணி மாதம் ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனேன். லென்ஸ் முழுக்கப் பனி மூடிவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடியும் மூடியது. கால் மணி நேரத்தில் அது தெளிந்தபோது நான் காத்திருந்த உதயம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து இரவே கேமராப் பையை அறைக்கு வெளியே, காற்றுப் படும் இடத்தில் வைக்கிறேன்.

முதல் வெயில் கிடைமட்டமாக வரும். படியின் முன்பக்கம் பளிச்சென்று ஒளிரும்; மேல்பரப்பை லேசாகத் தடவிக்கொண்டு போகும். அப்போது குனிந்து பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டுத் தேய்ந்த குழிகள் ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு நிழல் தேங்கியிருக்கும். நடுப்பகலில் அதே கல் தட்டையாகத் தெரியும். இங்கே பெரும்பாலும் பக்கத்து ஊரான சுனாரின் மணற்கல். காலை வெயிலில் தேன் நிறம் கொள்ளும். நிறத்தைத் தானே சரிசெய்யும் கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தத் தேன் நிறத்தைப் பிழை என்று எண்ணி வெளுக்கச் செய்துவிடும். அதை மாற்றிச் சூரியன் படம் போட்ட குறியில் வைத்துவிடுங்கள். படகில் போனால் முக்காலியைக் கரையிலேயே விடலாம், படகே ஆடுகிறதே! ஷட்டர் வேகத்தை 1/250 நொடியிலோ அதைவிட வேகமாகவோ வைத்தால் போதும்.

குளிப்பவர்களை எடுக்கும் முன் கண்ணால் அனுமதி கேளுங்கள். சிதை எரியும் மணிகர்ணிகையிலும் அரிச்சந்திரா படித்துறையிலும் கேமரா பைக்குள் இருக்கட்டும். ஒரு குடும்பம் தன் மனிதரை வழியனுப்பும் இடம் அது; எந்த ஒளியும் அதற்கு ஈடில்லை.

மாலையில் கதை தலைகீழ். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குவதால் படிகளில் சீக்கிரமே நிழல் விழுந்துவிடும். பலர் அப்போதே கேமராவை மூடிவிடுகிறார்கள். எனக்கு அது ஆற்றாமையாக இருக்கும். வெயில் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. நடு ஆற்றுப் படகுகள் மேலும் எதிர்க்கரை மணல் மேலும் இன்னும் கொஞ்ச நேரம் அது இருக்கும். படகோட்டியிடம் பேசி அந்த மணலுக்குப் போய் மேற்கே திரும்பி நின்றால், கோபுரமும் மாளிகையும் மாடிகளும் செந்நிற வானத்தில் கறுப்புக் கோடாக நிற்கும். மழைக்காலத்தில் மணலே மூழ்கிவிடும், படகும் ஓடாது. ஐப்பசிக்குப் பிறகு போவதே நல்லது.

தசாசுவமேதப் படித்துறையில் கூடுபவர்கள் மாலைக் கங்கை ஆரத்தியின் உச்சத்துக்குக் காத்திருப்பார்கள். எனக்கு அதற்கு முந்தைய நேரம்தான் பிரியம். வானத்தின் நீலமும் விளக்கின் மஞ்சளும் சம பலத்தில் நிற்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான். பிறகு வானம் கறுத்து, விளக்கு மட்டும் வெள்ளையாகக் கண்ணைப் பறிக்கும்.

அப்படி ஒரு மாலையில், படியோரம் பூவும் அகலும் வைத்த தொன்னை விற்கும் ஓர் அம்மா காற்றுக்குக் கை மறைத்துத் திரி ஏற்றினார். விரலிடுக்கில் செம்மை, முகத்தில் பாதி வெளிச்சம். ஃபிளாஷ் போடாமல், ஒளியைச் சுடருக்கு அளந்து எடுத்தேன். படத்தைக் காட்டினேன். அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை. தொன்னையில் பூ கசங்காமல் இருக்கிறதா என்று பார்த்தார்.

வணக்கம்.