வீட்டிலேயே தங்கிவிட்ட ஓட்டு

வணக்கம். பட்டர்வொர்த் படகுத்துறையில் நின்று பேசுகிறேன். ஃபெரி வரும்போது சத்தம் அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மலேசிய மாநிலத் தேர்தல்களைப் பற்றி நெடுநாளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இன்று சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஜொகூர், 2022 மார்ச். சட்டமன்றத்தின் 56 இடங்களில் தேசிய முன்னணிக் கூட்டணிக்கு 40. மாபெரும் வெற்றி என்றார்கள். ஆனால் பதிவான ஓட்டில் அதற்குக் கிடைத்தது சுமார் 43 விழுக்காடு. ஓட்டுப் போட வந்தவர்களே 55 விழுக்காட்டினர்தான். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். நூறு வாக்காளர்களில் ஏறக்குறைய 24 பேரின் ஓட்டு, 40 இடங்கள்! கோவிட் காலம், சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் எளிதில் வந்துபோக முடியாத நிலை, எல்லாம் உண்மை. 2021 டிசம்பரில் 18 வயதானவர்களின் பெயர்கள் தாமாகவே பட்டியலில் ஏறியதால் பட்டியல் பெருத்ததும் உண்மை. அப்படியும் அந்த 24 என்னை உறங்கவிடவில்லை.

நம் பினாங்குக்கு வருகிறேன். 2004இல் சட்டமன்றத்தின் 40 இடங்களில் தேசிய முன்னணிக்குள் மலாய்க்காரர் கட்சியான அம்னோவுக்கு 14, கெராக்கானுக்கு 13, சீனர் கட்சியான மசீசவுக்கு 9, இந்தியர் கட்சியான மஇகாவுக்கு 2. நான்கே ஆண்டுகள். 2008 மார்ச் 8 இரவு கெராக்கானும் மசீசவும் மஇகாவும் ஓர் இடம்கூட இல்லாமல் துடைக்கப்பட்டன. 1969 முதல் மாநிலத்தை ஆண்ட கெராக்கான் அந்த ஒரே இரவில் போனது. அம்னோ 11 இடங்களோடு நின்றது, 2018இல் 2 ஆனது, 2023இலும் அதே 2தான்.

2008 இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் அப்பா பிறை என்ற ஊரில் தொழிற்சாலைத் தொழிலாளி. அதுவரை தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்துக்கே ஓட்டுப் போட்டவர். முந்தைய நவம்பரில் கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராப் அமைப்பு நடத்திய பேரணிக்குப் பிறகு வீட்டில் அரசியல் பேச்சு மாறிவிட்டது. எதிர்க்கட்சியான ஜசெகவின் ராக்கெட்டுச் சின்னத்துக்குப் போட்டுவிட்டு வந்து, முடிவு தெரியும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஓட்டில் கோபமும் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது.

2023 ஆகஸ்டு 12 அன்று அதே அப்பா வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. தராசும் ராக்கெட்டும் ஒரே மேடையில் நின்ற தேர்தல் அது. "யாரை எதிர்த்து யாருக்குப் போடுவது, அம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மஇகா அந்தத் தேர்தலில் போட்டியிடவே இல்லை. ஓட்டுச்சீட்டிலேயே இல்லாத கட்சிக்கு ஆதரவு எவ்வளவு குறைந்தது என்று எதைக் கொண்டு அளப்பது? எதிரணிக் கூட்டணியான பெரிக்காத்தான் இங்கே 11 இடங்களைப் பிடித்ததும் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். அப்பாவைப் போல வராமல் போனவர்களைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

கட்சிகள் இதைக் கவனிக்க வேண்டும். வேறு கட்சிக்குப் போன ஓட்டு கண்ணுக்குத் தெரியும். 2025 நவம்பரில் சபாவில் ஜசெக போட்டியிட்ட 8 இடங்களிலும் தோற்றபோது மறுநாளே விளக்கக் கூட்டங்கள் நடந்திருக்கும். வீட்டில் தங்கிவிட்ட ஓட்டுக்கு யார் விளக்கம் கேட்கிறார்கள்? நாட்டின் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் இந்தியர்கள் பெரும்பான்மையாக இல்லை. நெருக்கமான போட்டியில் பத்து, பதினைந்து விழுக்காடு ஓட்டுதான் நம் பலம். அது வராது என்று கணக்குப் போட்டுவிட்டால், நம் வீட்டுக் கதவைத் தட்டுவதையும் நிறுத்திவிடுவார்கள். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது.

என் தம்பி கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். 2022 நவம்பரில் பஸ் ஏறி வந்து நாடாளுமன்றத்துக்கு ஓட்டளித்தான். ஒன்பது மாதத்தில் சட்டமன்றத்துக்காக மறுபடி வரச் சொன்னபோது வரவில்லை. முன்பெல்லாம் ஒரே நாளில் இரண்டு சீட்டு. இப்போது இரண்டு பயணம், இரண்டு விடுப்பு. அவனை நான் குறை சொல்லவில்லை.

நேற்று அழைத்தான். அடையாள அட்டை முகவரியை அங்கேயே மாற்றிக்கொள்கிறானாம், ஓட்டும் அங்கேயே போட்டுக்கொள்ளலாமாம். 1974 முதல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், அங்கே சட்டமன்றமே கிடையாது, மாநிலத் தேர்தலில் உனக்கு ஓட்டே இருக்காது என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். "அப்படியானால் இப்போதைக்கு மாற்ற வேண்டாம், அக்கா" என்றான்.