பெட்ஃபோர்ட் லொறிக்கு புல்லட் கனெக்டர் மாத்திறது: 4.7 எண்டால் 4.7தான்!

வணக்கம் மக்கள். திருகோணமலையில இருந்துதான், வழமையான கொட்டில், வழமையான பெட்ஃபோர்ட். இண்டைக்குக் கொஞ்சம் கோவத்தோட வந்திருக்கிறன். ஏன் எண்டு காட்டுறன், கிட்டப் பாருங்கோ. புல்லட் எண்டால் வயர் நுனியில பூட்டுற குண்டு வடிவ முனை. ரெண்டு வயரின்ர புல்லட்டையும் றப்பர் மூடின ஒரு குழாய்க்குள்ள ரெண்டு பக்கத்தாலயும் தள்ளித்தான் இணைக்கிறது. இந்த ரெண்டு புல்லட்டும் பித்தளை, நீளமும் ஒண்டு, பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. விட்டம் அளக்கிற வேர்னியரை வைச்சால் இது 4.7 மில்லிமீற்றர், இது 3.9. ரெண்டும் ஒரே பக்கெற்றுக்குள்ள இருந்து வந்தது! இப்பிடிக் கலந்து விக்கிறது சரியான பிழை.

4.7 தான் பழைய பிரிட்டிஷ் வண்டிகளின்ர அளவு, லூகாஸ் புல்லட் எண்டு கேக்கிறது. 3.9 ஜப்பான் மோட்டச் சைக்கிளுக்கு உரியது. சின்னதைப் பெரிய குழாய்க்குள்ள விட்டாலும் போகும், லைட்டும் எரியும். அதுதான் ஆபத்து. லொறி கிண்ணியாப் பாலம் தாண்ட முதலே குலுக்கத்தில தொடுகை விட்டு விட்டு வரும், சூடேறும், றப்பர் இளகிப் பிசுபிசுக்கும். குழாயைக் குறட்டால நெரிச்சு இறுக்கினால் காணும் எண்டு கன பேர் சொல்லுவினம். வேண்டாம். நெரிச்ச குழாய் ரெண்டு பக்கத்தில மட்டும் தொடும். இது சுத்திவரத் தொடவேணும்.

சரி, வேலைக்கு வருவம். மல்டிமீற்றர் வைச்சு அளக்காமல் நான் வயர் வெட்டமாட்டன் எண்டு உங்களுக்குத் தெரியும். மீற்றரை டிசி வோல்ட்டில வைச்சு, லைட்டைப் போட்டு, ஒரு முனையைக் கனெக்டருக்கு இந்தப் பக்கமும் மற்ற முனையை அந்தப் பக்கமும் தொடுங்கோ. 0.1 வோல்ட்டுக்குக் கீழ எண்டால் அதைத் தொடத் தேவையில்லை. இடப்பக்க ஹெட்லைட் பாருங்கோ, 0.9! 55 வாட் பல்ப் 12 வோல்ட்டில 4.6 அம்பியர் கிட்ட இழுக்கும். அதில 0.9 விழுந்தால், 4 வாட் அளவு இந்தக் குட்டிப் பித்தளைக்குள்ளேயே சூடாப் போகுது. லைட் மங்கலா இருக்கெண்டு பெரிய பல்ப் போட்டால் இன்னும் கூடச் சூடாகும். பல்ப்பில ஒரு குறையும் இல்லை. ஒண்டு, இதை லைட் எரியேக்கதான் பாக்கவேணும். கரண்ட் ஓடாட்டில் எவ்வளவு கெட்ட கனெக்டரும் பூச்சியம்தான் காட்டும்.

எங்கட ஊரில இது கெதியா வாறதுக்குக் காரணம் உப்பு. வாடைக் காத்து நேரே கடலில இருந்து வருது. அதோட மீன் ஏத்தின லொறி எண்டால் ஐஸ் தண்ணி உப்போட வழிஞ்சு செஸியில, அதாவது லொறியின்ர அடிச் சட்டத்தில, கிடக்கிற பின் லைட் கனெக்டருக்குள்ள இறங்கும். இந்தா, றப்பரை உரிச்சால் உள்ளுக்கு முழுக்கப் பச்சைக் களிம்பு. சாண்ட் பேப்பரால உரஞ்சிப் போட்டுப் பாவிக்கிறதை நான் ஏற்கமாட்டன். குழாய்க்கு உள்பக்கம் உரஞ்ச ஏலாது, அங்கதான் தொடுகையே இருக்கு. புல்லட், குழாய், றப்பர் மூண்டையும் புதுசாப் போடுங்கோ.

கொஞ்சம் பின்னுக்குப் போவம், பற்றரி பற்றிச் சொல்லவேணும். லைட் போட்டு அளந்து முடிய, வெட்ட முதல், எர்த் வயரைக் கழட்டுங்கோ. எர்த் எண்டால் நெகட்டிவ் எண்டு நினைச்சுக் கை வைக்காதேங்கோ. பழைய பிரிட்டிஷ் வண்டி சிலதில பொசிட்டிவ்தான் செஸிக்குப் போகும். எது செஸியில பூட்டியிருக்கெண்டு கண்ணால பாத்திட்டுக் கழட்டுங்கோ.

வயரை வெட்டினால் செம்பு பளபளக்க வேணும். கறுத்திருந்தால் இன்னும் ஒரு அங்குலம் வெட்டுங்கோ. திரும்பவும் கறுப்பெண்டால் உறைக்குள்ளால ஈரம் ஏறியிருக்கு, அந்தத் துண்டையே மாத்துங்கோ. ஹெட்லைட்டுக்கு 0.30 மில்லிமீற்றர் இழை 28 உள்ளது, அது 2 சதுர மில்லிமீற்றர். சைட் லைட், சிக்னலுக்கு 14 இழை, 1 சதுர மில்லிமீற்றர் காணும். வெள்ளீயம் பூசின செம்பு வயர் போட் சாமான் கடையில கிடைச்சால் அதையே வாங்குங்கோ. விலை கூடத்தான், ஆனால் உப்புக் காத்துக்கு அதுதான் தாக்குப் பிடிக்கும். புல்லட் வாங்கேக்கயும் வயர் அளவைச் சொல்லுங்கோ. வெளிவிட்டம் 4.7 ஆக இருந்தாலும், வயர் போற துளை ஒரு சதுரத்துக்கு வேற, ரெண்டுக்கு வேற.

உறையை ஒரு 6 மில்லிமீற்றர் உரிச்சு, இழை ஒண்டும் அறாமல் புல்லட்டுக்குள்ள விட்டு, றாச்செட் கிரிம்பரால, அதாவது புல்லட்டை வயரில நெரிச்சுப் பூட்டுற பல்லுக் குறட்டால, ஒரே அமத்து. முழுக்க அமத்தினால்தான் அது தானா விடும். சாதாரண குறடு அப்பிடிச் சொல்லாது. பிறகு கையால நல்லா இழுங்கோ, கழண்டு வந்தால் இப்பவே வரட்டும். புல்லட் நுனியில ஓட்டை உள்ளது சோல்டருக்கு. வடிவாச் செய்தால் அதுவும் நல்லதுதான், ஆனால் ஈயம் இழைக்குள்ளால மேல ஏறி வயர் விறைச்சால், விறைப்பு முடியிற இடத்தில அதிர்வுக்கு முறியும். லொறிக்கு என்ர தெரிவு கிரிம்ப்.

ஆ, ஹீட் ஷ்ரிங்! சூடு காட்டச் சுருங்கிற பிளாஸ்ரிக் குழாய், உள்ளுக்குப் பசை உள்ளது, அதை கிரிம்ப் பண்ண முதலே வயரில ஏத்தி விடுங்கோ. கழுத்தில இழுத்து மூடிச் சூடு காட்டினால் ஓரத்தால பசை கசியும். அது கசிஞ்சால்தான் தண்ணி போகாது. இன்சுலேஷன் டேப் எனக்குப் பிடிக்காது, அதைப் பற்றி இனிச் சொல்லத் தேவையில்லை.

குழாய்க்குள்ள கொஞ்சம் சிலிக்கன் கிறீஸ் வைச்சு, புல்லட்டைத் தள்ளுங்கோ. 'டக்' எண்டு இருக்கவேணும். ரெண்டு புல்லட்டும் நடுவில முட்டுற அளவுக்குப் போகவேணும். கைப்பலம் காணாட்டில் வளைஞ்ச குறட்டால ரெண்டு பக்கத்தையும் சேர்த்து அமத்துங்கோ. உறையில கடிக்காமல் புல்லட் கழுத்தில பிடியுங்கோ.

பின் லைட்டுக்கு கனெக்டர் மட்டும் மாத்தினால் காணாது. பிரேக் அமத்தேக்க சிக்னலும் மங்கலா எரியுதெண்டால், அல்லது சிக்னல் போட்டால் மினுங்காமல் நிண்டு எரியுதெண்டால், எர்த்தைப் பாருங்கோ. போக வழியில்லாத கரண்ட் மற்ற பல்ப்புக்குள்ளால திரும்புது. பெயின்ற்றை உலோகம் தெரியச் சுரண்டி, எர்த் வயரின்ர வளையத்துக்குக் கீழ பல்லு வாசர் போட்டு இறுக்கி, மேலால வாசலின் பூசுங்கோ.

இப்ப பற்றரியைப் பூட்டியாச்சு. இடப்பக்கம் 0.04! வயரைப் பிடிச்சு ஆட்டுறன், இலக்கம் அசையேல்ல. வலப்பக்கம் 0.05. ஹெட்லைட்டை மேல கீழ மாத்திற டிப் சுவிச்சில மட்டும் 0.3 விழுது, அது கால் தட்டில சேறுபட்டு இருக்கிற சாமான், அதைக் கழட்டிக் காட்ட வேற வீடியோ வேணும். புல்லட் வாங்கப் போறவை வேர்னியரைக் கையோட கொண்டு போங்கோ, கடையிலயே அளந்து எடுங்கோ.