கரண்ட் வைத்துக்கொண்டு படுத்திருந்தால் போதாது

வணக்கம். என் கையில் இருக்கும் இந்தச் சிறிய பெட்டி தசையைத் தூண்டும் கருவி. 'பிசியோவில் கரண்ட் வைத்தார்கள்' என்று நாம் சொல்வதில் இதுவும் ஒன்று. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதை மட்டும் இன்று காட்டுகிறேன், ஏனென்றால் இயன்முறை மருத்துவராக நான் அதிகம் பார்க்கும் தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், 'தொடையை இறுக்குங்கள்' என்றால் பலருக்கும் சதை அசைவதே இல்லை. அது சோம்பல் அல்ல. மூட்டில் வீக்கமும் வலியும் இருக்கும்போது அங்கிருந்து புறப்படும் நரம்புச் செய்திகள், தொடையின் முன்பக்கத் தசைக்கு வரும் கட்டளையைத் தண்டுவடத்திலேயே அடக்கிவிடுகின்றன. முதல் மாதத்தில் அந்தத் தசை தன் வலிமையில் பாதிக்கும் மேல் இழப்பது பெரும்பாலும் இதனால்தான். மின்தூண்டல் அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போய், தசைக்குச் செல்லும் நரம்பிழைகளை நேராக எழுப்புகிறது. அமெரிக்காவில் ஜெனிபர் ஸ்டீவன்ஸ்-லாப்ஸ்லி குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 66 பேரில் ஒரு பிரிவினருக்கு அறுவை சிகிச்சை முடிந்த 48 மணி நேரத்திலேயே இதைத் தொடங்கி, தினமும் இரு வேளை கொடுத்தார்கள். வழக்கமான பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட இவர்களுடைய தொடை வலிமை நன்றாகத் திரும்பியது.

மின்சாரத்தைத் தோலுக்குக் கொண்டுசெல்லும் ஒட்டுப் பட்டையை, அதாவது பேடை, இப்போது என் தொடையிலேயே ஒட்டிக் காட்டுகிறேன். காலையில் தைலமோ தேங்காய் எண்ணெயோ தேய்த்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்; எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பேட் சரியாகப் பதியாது, பதிந்த சிறு இடத்தில் மட்டும் மின்சாரம் குவிந்து ஊசி குத்துவதுபோல் சுருக்கென்று இழுக்கும். ஓரம் காய்ந்து சுருண்ட பழைய பேடும் இதையேதான் செய்யும், சில சமயம் தோலைச் சுட்டும்விடும். உள்ளங்கை அளவுள்ள பெரிய பேடாக இரண்டு வேண்டும்: ஒன்று தொடையின் மேற்பகுதியில் சற்று வெளிப்புறமாக, மற்றொன்று முழங்காலுக்கு மேலே உட்புறம் துருத்தி நிற்கும் சதையின் மீது. தையலின் மேலோ ஆறாத புண்ணின் மேலோ ஒட்டவே கூடாது.

துடிப்பின் வேகம் 50 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 50 துடிப்பை, ஒட்டி இருக்கட்டும். 10 முதல் 15 நொடி இறுக்கம், அதன்பின் 45 முதல் 50 நொடி ஓய்வு. இவ்வளவு நீண்ட ஓய்வு எதற்கு என்று கேட்பீர்கள். நாமாக இறுக்கும்போது உடல் தசையிழைகளை மாற்றி மாற்றி வேலை வாங்கும். மின்சாரமோ ஒரே இழைகளை ஒரே நேரத்தில் மீண்டும் மீண்டும் இழுப்பதால் அவை விரைவில் களைத்துப்போகின்றன. ஆகவே ஒரு வேளைக்கு 15 முறை இறுக்கினால் போதும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். மெல்லிய குறுகுறுப்போடு நிறுத்திக்கொண்டு படுத்திருந்தால், வலி தணிக்கும் டென்ஸ் கருவியின் வேலைதான் நடக்கும், தசை வலுப்பெறாது. இதோ பாருங்கள், நான் மின்சாரத்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டுகிறேன்: சதை திரண்டு, முழங்கால் சிப்பி மேலே ஏறுகிறது. தாங்கக்கூடிய அளவுக்கு இப்படிக் கூட்டி, அது இழுக்கும் அதே நொடியில் நீங்களும் முழு மனதோடு தொடையை இறுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் அந்த உணர்வு பழகிவிடும், அப்போது இன்னும் சற்றுக் கூட்டலாம்.

உள்ளே உலோக மூட்டு இருக்கிறதே என்ற அச்சம் நியாயமானது. ஷார்ட்வேவ் டயதெர்மி என்னும் வெப்பச் சிகிச்சை உலோக மூட்டு வைத்தவர்களுக்கு ஆகாது என்பதும் உண்மை. ஆனால் இரு திசையிலும் மாறி மாறிப் பாயும் இந்தக் குறுந்துடிப்பு உலோகத்தைச் சூடேற்றுவதில்லை. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் இதய மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் தொடக்கூடாது. கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் சூடும் வலியும் வந்தால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைக்கவில்லை என்று உறுதியாகும்வரை நிறுத்திவையுங்கள். நீண்டநாள் சர்க்கரை நோயால் தோல் மரத்திருப்பவர்களுக்குச் சுடுவதே தெரியாது என்பதால் அவர்கள் வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம். கழுத்தின் முன்பக்கத்திலும் மார்புக்குக் குறுக்கேயும் யாரும் ஒட்டிப் பார்க்கக்கூடாது.

முடித்ததும் முதலில் அளவைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, கருவியை அணைத்த பிறகே பேடை உரிக்க வேண்டும். என் தோல் இங்கே சீராக இளஞ்சிவப்பாக இருப்பது தெரிகிறதல்லவா, இது தானாகவே மறைந்துவிடும். கொப்புளமோ, மறுநாளும் மறையாத சிவப்போ இருந்தால் மீண்டும் ஒட்டாமல், உங்கள் இயன்முறை மருத்துவரிடம் அந்த இடத்தை நேரில் காட்டுங்கள்.