அம்மம்மாவின் றங்குப்பெட்டி

(திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் அவர்களே, தம்பலகாமத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும், வயல் நீர் பார்க்கும் வட்டவிதானைமாரே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தம்பிமாரே, தாய்மாரே, வணக்கம்.

எங்கள் காணிக்காரக் குடும்பங்களின் கதையைப் பறங்கியர் என்ற போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூன்று காலமாகச் சொல்வதாக இருந்தேன். பறங்கியர் 1622 இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள். ஆனாலும் எந்தக் குடிக்கு என்ன கோயில் தொழும்பு, என்ன மானியம் என்று கோணேசர் கல்வெட்டு என்ற நூலில் எழுதியிருந்தது. அதனால்தான் இன்றைக்கும் பேசுகிறோம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

ஆங்கிலேயர் 1840 இல் 12 ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். காடும் தரிசும் பயிரில்லாத நிலமும், உரிமையை நிரூபிக்காவிட்டால் பிரித்தானிய முடியரசுக்குச் சொந்தம். 1897 இல் இன்னொரு சட்டம்: அறிவித்தல் வந்து மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் நிலம் போய்விடும்.

அப்படித்தான் எங்கள் பூட்டனாரிடமும் வந்தார்கள். வயலுக்கு உறுதி, அதாவது காணிப் பத்திரம், இருந்தது. வயலுக்குப் பின்னால், மூன்று தலைமுறை எள்ளும் குரக்கனும் விதைத்த சேனைக்கு, காடு வெட்டிப் பயிர்செய்த நிலத்துக்கு, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. சங்கிலி பிடித்து அளக்க வந்தவருக்குப் பூட்டனார் இளநீர் வெட்டிக் கொடுத்து, மேட்டிலே நின்ற புளியைக் காட்டினாராம். "ஐயா, இது என்ர அப்பு நட்ட மரம்." வந்தவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "நல்ல புளி. மரம் கையெழுத்து வைக்குமோ?" என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மம்மா வெற்றிலையை மெல்லாமல் வாயில் அடக்கிக்கொள்வா. சட்டியில் இல்லை, அகப்பையில் எப்படி வரும்?

இருந்த வயல் உறுதிக்கு என்ன நடந்தது? அதை வைத்திருந்த அம்மம்மாவின் றங்குப்பெட்டியைப் போன வருடம் திறந்தேன். கற்பூர வாசம். மடிப்பு வழியே மூன்றாய்க் கிழிந்த கடதாசி. "கிழக்கே" என்ற சொல் இருக்கிறது. எல்லை எழுதியிருந்த இடத்தில் பூச்சி அரித்த ஓட்டைதான் இருக்கிறது.

ஒல்லாந்தரைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மன்னிக்க வேண்டும். எனக்கு வேண்டியது உங்கள் வீட்டுப் பெட்டிகள். உறுதி, ஓலை, பழைய வரித் துண்டு எதுவானாலும் வரும் சனிக்கிழமை இந்த மண்டபத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே படமெடுத்து, அன்றைக்கே உங்கள் கையில் திருப்பித் தருவோம். மடிப்பை மட்டும் நீங்களாக விரிக்க வேண்டாம்.