ஒரு ‘தான்’ செய்யும் வேலை

பிளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளைகளே, கூட வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

சட்டப் படிப்பில் சேர எழுதும் கிளாட் நுழைவுத் தேர்வில் 120 கேள்வி, 120 நிமிடம், தப்புக்குக் கால் மதிப்பெண் போகும். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் வாசல். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பேச வந்தது ஒரு சின்னச் சொல்லைப் பற்றி: ‘தான்’.

“21 வயது நிறைந்தால் வழக்கறிஞராகப் பதிவு செய்யலாம்.” “21 வயது நிறைந்தால்தான் வழக்கறிஞராகப் பதிவு செய்யலாம்.” இரண்டும் ஒன்றா? முதலாவது சரியென்றால், இங்கே உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள் எல்லாரும் நாளைக்கே கறுப்புக் கோட்டு மாட்டிக்கொள்ளலாம்! 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் இருப்பது இரண்டாவது. வயது வேண்டும், வயது மட்டும் போதாது, சட்டப் பட்டமும் வேண்டும். ‘வேண்டும்’ வேறு, ‘போதும்’ வேறு.

கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான் வரும். ‘இஃப்’ வந்தால் நம்முடைய ‘ஆல்’, ‘ஒன்லி இஃப்’ வந்தால் ‘ஆல்தான்’. மனசுக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். எது எதற்கு நிபந்தனை என்று காதே காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், வாக்கியத்தைத் திருப்பிப் போடுவது. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். மலையில் புகை இருக்கிறது, அதனால் நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல. அடுத்து அதையே திருப்புகிறார்: நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை, தண்ணீரைப் போல. இதற்கு ‘மீட்சி மொழி’ என்ற பெயரும் அங்கேயே இருக்கிறது. கோச்சிங் வகுப்பில் ‘கான்ட்ராபாசிட்டிவ்’ என்று மிரட்டுகிறார்களே, அது இதுதான்.

ஆனால் “நெருப்பு இருக்கிறது, ஆகவே புகை உண்டு” என்றால்? உங்கள் வீட்டு கேஸ் அடுப்பைப் போய்ப் பாருங்கள். “புகை இல்லை, ஆகவே நெருப்பு இல்லை” என்பதும் அதே அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்ளும். விடைகளில் ஆளை இழுப்பவை இந்த இரண்டும்தான்.

பத்தியைக் கொடுத்து வாதத்தை எடைபோடச் சொன்னால், முதலில் முடிவைத் தேடுங்கள். அது கடைசி வரியில்தான் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. பிறகு ‘ஏன்?’ என்று கேளுங்கள். வேகத்தடை போட்டார்கள், அடுத்த மாதம் விபத்து குறைந்தது, எனவே வேகத்தடையே காரணம். சரி, அந்த மாதம் பள்ளிக்கூட விடுமுறையாக இருந்தால்? சாலையில் வண்டி ஓட்டம் முன்பு போலவே இருந்தது என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள், கேள்வி அங்கேதான் விழும்.

கடைசியாக ஒன்று. “படித்தால்தான் சீட்டு” என்று வீட்டில் சொல்வார்கள். ஒருவேளை சீட்டு கிடைக்கவில்லை. “அப்போ நீ படிக்கவே இல்லை” என்று அப்பா முடிவு கட்டினால் அது செல்லாது. புகை இல்லை, ஆகவே நெருப்பு இல்லை என்ற அதே கணக்கு. பின்வரிசையில் இருக்கும் அப்பாக்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.